யானையை ஊசிக் காதில் நுழைத்தார்கள்!

எங்கள் வீட்டுப் பாட்டிக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். சோறு ஆறினாலும் பரவாயில்லை, ஆட்டம் முடியாமல் எழுந்திருக்க மாட்டார்.

ஓர் இறுதி ஆட்டம். நம்மவர்கள் வென்றுவிட்டார்கள். கோப்பையைத் தூக்கிப் பிடித்தார்கள். மேலேயிருந்து தங்க நிறக் காகிதத் துண்டுகள் மழையாகக் கொட்டின. அந்த நேரம் பார்த்து டெலிவிஷன் படம் கெட்டது. வீரர்களின் முகமெல்லாம் கட்டம் கட்டமாக மாறிப் போயிற்று.

“டேய், பெட்டி கெட்டுப் போச்சா பாரு! கோப்பையை வாங்கற நேரத்துலயா இப்படி?” என்றார் பாட்டி.

“பெட்டி கெடவில்லை பாட்டி. படத்தை அனுப்புகிற இடத்தில் ஓர் எந்திரம் திணறுகிறது” என்றேன்.

“எந்திரம் எதுக்குடா திணறணும்? அது என்ன, பார வண்டி இழுக்கிற மாடா?” என்று கேட்டார்.

ஆமாம், மாடுதான். பாட்டி தெரியாமல் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னார். அந்த எந்திரம் இழுக்கிற பாரத்தைக் கேட்டால் நீங்களே மலைத்துப் போவீர்கள்.

எவ்வளவு பாரம்?

டெலிவிஷன் படம் என்பது புள்ளிகளால் ஆனது. கோலத்தில் புள்ளி வைப்பது போல, திரை முழுவதும் வரிசை வரிசையாகப் புள்ளிகள் இருக்கின்றன. “எச்.டி.” என்று சொல்கிறார்களே, அந்தத் துல்லியப் படத்தில் குறுக்கே 1,920 புள்ளிகள். மேலிருந்து கீழே 1,080 வரிகள். பெருக்கிப் பாருங்கள். ஒரே ஒரு படத்துக்கு 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள்!

ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம், எவ்வளவு வெளிச்சம் என்று சொல்ல வேண்டும். அதைக் கம்ப்யூட்டர் பாஷையில் 24 “பிட்”டுகளாக எழுதுகிறார்கள். பிட் என்றால் ஒன்று அல்லது பூஜ்யம். அவ்வளவுதான். ஆட்டம் அசைவது போல் தெரிவதற்காக வினாடிக்கு 30 படங்கள் ஓட்டுகிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இப்போது மொத்தக் கணக்கு: ஒரு வினாடிக்கு 149 கோடியே 29 லட்சத்து 92 ஆயிரம் பிட்!

அமெரிக்காவில் ஒரு டெலிவிஷன் நிலையத்துக்கு ஆகாயத்தில் ஒதுக்கிய வழியின் அகலம் 6 மெகா ஹெர்ட்ஸ். அந்த வழியில் வினாடிக்குச் சுமார் 1 கோடியே 94 லட்சம் பிட்தான் போகும். 77 பேர் நிற்கிற இடத்தில் ஒருவர்தான் வாசலில் நுழையலாம் என்பது போல.

மீதி 76 பேரை என்ன செய்வது? அதுதான் “என்கோடர்” என்னும் சுருக்கும் எந்திரத்தின் வேலை.

ஜப்பான் காட்டிய படம்

இந்த எந்திரம் பிறந்த கதை, ஒரு போட்டியின் கதை.

ஜப்பான் நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே., 1964-ம் ஆண்டிலேயே துல்லிய டெலிவிஷன் ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டது. இருபது ஆண்டுக்கு மேல் பாடுபட்டார்கள். 1987-ல் அந்தப் படத்தை அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனுக்குக் கொண்டு போய்க் காட்டினார்கள். பார்த்தவர்கள் அசந்து போனார்கள்.

அமெரிக்க நிலைய முதலாளிகளுக்கு அப்போது வேறொரு கவலை. தாங்கள் பயன்படுத்தாமல் வைத்திருந்த ஆகாய வழிகளைப் போலீஸ் ரேடியோ போன்ற மற்ற வேலைகளுக்கு அரசாங்கம் கொடுத்துவிடுமோ என்ற பயம். “எங்களுக்குத் துல்லிய டெலிவிஷன் வரப்போகிறது, அதற்கு அந்த வழிகள் வேண்டும்” என்று மனுப் போட்டார்கள். உண்மையில் அவர்களிடம் அப்படி ஒரு டெலிவிஷன் இல்லை! சாக்குக்காகக் கேட்டது, கடைசியில் நிஜமாகவே செய்ய வேண்டியதாயிற்று. அரசாங்கக் கமிஷன் அதே 1987-ல் ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தது. தலைவர் ரிச்சர்டு வைலி. அதே கமிஷனுக்கு முன்பு தலைவராக இருந்தவர்.

குழு போட்டியை அறிவித்தது. யார் வேண்டுமானாலும் எந்திரம் கொண்டு வரலாம். ஆனால் பழைய நிலையம் போகிற அதே 6 மெகா ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் புதுப் படம் அடங்க வேண்டும். வந்தவர்கள் எல்லாரும் படத்தைப் பழைய முறையில் அலையாகவே அனுப்பப் பார்த்தார்கள். அப்படி அனுப்பினால் படம் அடங்கவில்லை. எண்ணாக மாற்றி அனுப்புவது அடுத்த நூற்றாண்டில்தான் நடக்கும் என்று பலர் எண்ணியிருந்தார்கள்.

1990 ஜூன் மாதம். மனுச் செய்யும் கெடு முடியும் நேரம். சான் டியாகோ நகரில் இருந்து ஜெனரல் இன்ஸ்ட்ருமெண்ட் என்ற கம்பெனி வந்து நின்றது. கேபிள் டெலிவிஷனுக்குச் சாமான்கள் செய்யும் கம்பெனி அது. “படம் முழுவதையும் எண்ணாக மாற்றி, சுருக்கி, 6 மெகா ஹெர்ட்ஸில் அனுப்புவோம்” என்றார்கள். அந்த எந்திரத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் வூ பைக். கொரியாவில் பிறந்தவர்.

நடக்காது என்று சொன்ன எதிரிகளே, ஓராண்டு கழிவதற்குள் தங்கள் பழைய திட்டங்களைத் தூக்கி எறிந்துவிட்டு எண் முறைக்கு மாறினார்கள். ஜப்பான் மட்டும் மாறவில்லை.

பெங்களூர்க்காரர் கண்ட கணக்கு

சரி, 77 பங்கை ஒரு பங்காக எப்படிச் சுருக்குவது?

முதல் வேலை சுலபமானது. நம் கண்ணுக்கு வெளிச்ச வித்தியாசம் நன்றாகத் தெரியும், நிற வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ஆகவே வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் சொல்லிவிட்டு, நிறத்தை நாலு புள்ளிக்கு ஒரு தடவை சொன்னால் போதும். இதிலேயே பாதிப் பாரம் குறைந்துவிடும்.

இரண்டாவது வேலையில்தான் நம் நாட்டவர் வருகிறார்.

நசீர் அகமது 1940-ல் பெங்களூரில் பிறந்தவர். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1972-ல் படங்களைச் சுருக்க அவருக்கு ஒரு புதுக் கணக்கு முறை தோன்றியது. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு அமெரிக்க தேசிய விஞ்ஞான நிறுவனத்துக்கு எழுதினார். கிடைக்கவில்லை. பரிசீலித்தவர்களில் ஒருவர், யோசனை ரொம்பவும் எளிமையாக இருக்கிறது என்ற பொருளில் எழுதியிருந்தாராம். இதைப் பின்னாளில் அகமதுவே நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார்.

அவர் விடவில்லை. தம் மாணவர் டி. நடராஜனையும், நண்பர் கே.ஆர். ராவையும் சேர்த்துக் கொண்டார். இந்த ராவ், சென்னை கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்து 1952-ல் பட்டம் வாங்கியவர்! மூவரும் எழுதிய கட்டுரை 1974 ஜனவரியில் வெளிவந்தது. சில பக்கங்கள்தான். இன்று உங்கள் செல்போனில் இருக்கும் போட்டோக்களில் பெரும்பாலானவை அந்தக் கணக்கில்தான் சுருங்கி உட்கார்ந்திருக்கின்றன. துல்லிய டெலிவிஷனும் அதன் மேல்தான் நிற்கிறது.

அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு சேலையை எடுத்துக் கொள்ளுங்கள்.

ஊரில் இருக்கும் அக்காளுக்குக் கடையிலிருந்து போன் செய்கிறீர்கள். போனில் காசு குறைவு. சேலையை எப்படி வர்ணிப்பீர்கள்? “இந்த இழை நீலம், அடுத்த இழை நீலம், அதற்கடுத்த இழையும் நீலம்” என்று இழை இழையாகவா சொல்வீர்கள்? மாட்டீர்கள். “மொத்தத்தில் நீலச் சேலை” என்பீர்கள். பிறகு, “முந்தானைப் பக்கம் போகப் போகக் கொஞ்சம் கறுக்கிறது” என்பீர்கள். இன்னும் காசு இருந்தால், “பெரிய கட்டம் போட்டிருக்கிறது” என்பீர்கள். கடைசியாகத்தான், “கட்டத்துக்குள்ளே பொடிக் கோடு ஓடுகிறது” என்பீர்கள். அதற்குள் போன் அறுந்தால்கூட மோசமில்லை. அக்காளுக்குச் சேலை ஓரளவு கண்ணில் தெரிந்துவிடும்.

எந்திரமும் இதையே செய்கிறது. படத்தை எட்டுக்கு எட்டு, அதாவது 64 புள்ளிகள் கொண்ட சின்னச் சதுரங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு சதுரத்துக்கும் முதலில் சராசரி வெளிச்சம், பிறகு மெல்ல மாறும் மாற்றம், பிறகு வேகமாக மாறும் மாற்றம் என்று 64 எண்களாக மாற்றுகிறது. வானம், சுவர், புல்தரை போன்ற இடங்களில் முதல் சில எண்கள்தான் பெரிசு. மீதியெல்லாம் சுண்டைக்காய். சுண்டைக்காய்களைப் பூஜ்யம் என்று வைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. “இதற்குப் பிறகு எல்லாம் பூஜ்யம்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்.

மிஞ்சிய எண்களையும் தந்தி முறையில் எழுதுகிறார்கள். அடிக்கடி வருகிற எண்ணுக்குக் குட்டைக் குறி, அபூர்வமாக வருவதற்கு நீளக் குறி. இதற்கு மிகச் சிறந்த வழியைக் கண்டவர் டேவிட் ஹஃப்மன் என்ற கல்லூரி மாணவர். பரீட்சை எழுதுகிறாயா, ஒரு கட்டுரை எழுதித் தருகிறாயா என்று பேராசிரியர் கேட்டார். பரீட்சைக்குப் பயந்து கட்டுரையில் இறங்கிய ஹஃப்மன், பேராசிரியராலேயே கண்டுபிடிக்க முடியாத வழியைக் கண்டுபிடித்துவிட்டார். அது 1952-ல் அச்சில் வந்தது. பரீட்சைக்குப் பயப்படுவதும் சில சமயம் நல்லதுதான் போலிருக்கிறது!

நேற்றுப் போலவே!

இதெல்லாம் ஒரு தனிப் படத்தைச் சுருக்கும் வழி. ஆனால் டெலிவிஷனில் வினாடிக்கு 30 படம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

வீட்டுக் கணக்கு எழுதும் அம்மாவைப் பாருங்கள். தினமும் முழுப் பட்டியல் எழுதுவதில்லை. “நேற்றுப் போலவே. பால் மட்டும் அரை லிட்டர் கூட” என்று எழுதி முடித்துவிடுவார். எந்திரமும் அப்படித்தான். “போன படம் போலவே. பந்து மட்டும் வலப்பக்கம் ஒன்பது புள்ளி தள்ளிப் போயிருக்கிறது” என்று அனுப்பும்.

பந்து ஒன்பது புள்ளி நகர்ந்தது என்று எந்திரத்துக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் வடிவமைக்கும் என்ஜினீயருக்கு வேர்த்துக் கொட்டுகிறது!

எந்திரத்துக்குப் பந்தும் தெரியாது, ஆளும் தெரியாது. 16-க்கு 16 புள்ளிச் சதுரம் ஒன்றை எடுத்து, போன படத்தில் இது எங்கே இருந்தது என்று தேடுகிறது. நாலு பக்கமும் 16 புள்ளி தூரம் தேடினால் 1,089 இடங்களில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் 256 புள்ளிகளை ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரு படத்தில் இப்படி 8,160 சதுரங்கள். வினாடிக்கு 2,44,800. ஆகமொத்தம் ஒரு வினாடியில் 6,800 கோடிக்கு மேல் கழித்தல் கணக்கு! ஒரு வினாடியைப் பத்து லட்சம் கூறு போட்டால், அதில் நாலு கூறு நேரம்தான் ஒரு சதுரத்துக்குக் கிடைக்கும். அதற்குள் முடிக்காவிட்டால் அடுத்த சதுரம் வந்து வாசலில் நிற்கும்.

1990-களின் தொடக்கத்தில் இந்த வேகத்தில் ஓடும் ஒற்றைச் சில்லு கிடையாது. ஆகவே திரையைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனி எந்திரம் வைத்தார்கள். அலமாரி அலமாரியாகச் சாமான்கள். ஒரு பட்டையில் ஓடுகிற ஆள் அடுத்த பட்டைக்குள் போனால், இந்த எந்திரம் அந்த எந்திரத்திடம் கேட்க வேண்டும். வேலியோரத் தகராறு மாதிரி அது ஒரு தனித் தலைவலி.

தேடுவதிலும் யுக்தி செய்தார்கள். விலாசம் தேடுகிறவர் முதலில் ஊர், பிறகு தெரு, பிறகு வீட்டு எண் என்றுதானே போவார்? அதுபோல முதலில் படத்தைச் சிறியதாக்கி மேலோட்டமாகத் தேடு, கிடைத்த இடத்தைச் சுற்றி மட்டும் நுணுக்கமாகத் தேடு என்றார்கள். கணக்கு பல மடங்கு குறைந்தது. சில நேரம் தப்பான வீட்டுக் கதவைத் தட்டுவதும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 1,080 வரிகளை 16 ஆல் வகுத்தால் மீதி வருகிறது. அதற்காக எந்திரம் அடியில் 8 பொய் வரிகளைச் சேர்த்து, 1,088 வரிகளாகச் சுருக்கி அனுப்புகிறது. நம் வீட்டுப் பெட்டி அந்த 8 வரிகளையும் விரித்துவிட்டு, காட்டாமல் தூக்கிப் போட்டுவிடுகிறது!

தொட்டியும் குழாயும்

எல்லாவற்றையும் விடக் கஷ்டமான வேலை ஒன்று பாக்கி.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். தொட்டிக்குள் தண்ணீர் ஒரு நேரம் சொட்டுகிறது, ஒரு நேரம் வெள்ளமாகக் கொட்டுகிறது. ஆனால் அடியில் இருக்கும் குழாய் எப்போதும் ஒரே அளவில்தான் விடும். தொட்டி வழியவும் கூடாது, வற்றவும் கூடாது.

செய்தி வாசிப்பவர் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது பிட்டுகள் சொட்டுகின்றன. ஓட்டப் பந்தயம், அலையடிக்கும் கடல், கை தட்டும் கூட்டம் என்றால் கொட்டுகின்றன. தொட்டி நிரம்புகிறது என்று தெரிந்ததும் எந்திரம் சுண்டைக்காய்களோடு சில கத்தரிக்காய்களையும் சேர்த்து எறிய ஆரம்பிக்கும். எதை எறிவது? கூட்டத்தின் முகங்களையா, புல்லின் நுனியையா? முகத்தில் கை வைத்தால் ஜனங்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். புல்லில் கை வைத்தால் கவனிக்க மாட்டார்கள். இந்தப் பாகுபாடுதான் நல்ல எந்திரத்துக்கும் மட்டமான எந்திரத்துக்கும் உள்ள வித்தியாசம்.

என்ஜினீயர்கள் சோதனைக்கு வைத்திருந்த படங்களில் ஒன்று பார்க்கக் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். பொம்மை ரயில் ஒரு பந்தைத் தள்ளிக்கொண்டு போகும். பின்னால் எழுத்து நிறைந்த காலண்டர் மேலும் கீழும் நகரும். அந்தப் பொம்மை ரயில் பல எந்திரங்களின் மானத்தை வாங்கியிருக்கிறது.

மகா கூட்டணி

போட்டிக்கு வந்த எந்திரங்களை வாஷிங்டனுக்கு அருகே அலெக்சாண்ட்ரியா என்ற ஊரில் சோதித்தார்கள். கனடாவில் ஒட்டாவா நகரில் சாதாரண மக்களை உட்கார வைத்து, படம் எப்படி என்று மார்க்குப் போடச் சொன்னார்கள். 1993 பிப்ரவரியில் முடிவு வந்தது. எண் முறை எந்திரங்கள் நாலும் பழைய அலை முறையை வென்றுவிட்டன. ஆனால் நாலில் எது சிறந்தது என்று சொல்ல முடியவில்லை. நாலிலும் குறை இருந்தது.

மறுபடி சோதித்தால் காலமும் பணமும் போகும். தோற்றவர் கோர்ட்டுக்கும் போகலாம். சேர்ந்து செய்யுங்களேன் என்று வைலி வற்புறுத்தினார். 1993 மே 24-ந் தேதி ஏழு நிறுவனங்கள் கை கோத்தன. ஏ.டி. அண்ட் டி., ஜெனரல் இன்ஸ்ட்ருமெண்ட், எம்.ஐ.டி., பிலிப்ஸ், சார்னாஃப், தாம்சன், ஜெனித். அதற்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? “மகா கூட்டணி!” நம் ஊர்த் தேர்தல் கூட்டணி போலவே இதிலும் இழுபறி இருந்தது. படத்தை ஒரே மூச்சில் வரைவதா, ஒற்றை வரி இரட்டை வரி என்று இரண்டு மூச்சில் வரைவதா என்று கம்ப்யூட்டர்க்காரர்களும் டெலிவிஷன்காரர்களும் மோதினார்கள். கடைசியில் இரண்டையும் சேர்த்துக் கொண்டார்கள்.

சுருக்கும் எந்திரத்தை ஏ.டி. அண்ட் டி.யும் ஜெனரல் இன்ஸ்ட்ருமெண்டும் செய்தன. விரிக்கும் எந்திரம் பிலிப்ஸ் பொறுப்பு. 1995-ல் மறுபடி சோதனை. தேறியது. 1996 டிசம்பர் 24-ந் தேதி அமெரிக்க அரசாங்கக் கமிஷன் ஒப்புதல் கொடுத்தது. 1998 அக்டோபர் 29-ந் தேதி, 77 வயது ஜான் கிளென் மறுபடி விண்வெளிக்குப் பறந்த காட்சியை அந்தத் துல்லியப் படத்தில் நாடெங்கும் பார்த்தார்கள்.

சுருக்குவதற்கு அவர்கள் எடுத்துக் கொண்ட சட்டம் “எம்பெக்-2”. பல நாட்டு நிபுணர்கள் 1988-ல் கூடி ஆரம்பித்த குழு வகுத்தது. அதை ஆரம்பித்தவர்களில் முக்கியமானவர் இத்தாலிய விஞ்ஞானி லியோனார்டோ கியாரிலியோனே. அந்தச் சட்டத்தில் ஒரு சாமர்த்தியம் உண்டு. வீட்டுப் பெட்டி எப்படி விரிக்க வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. அனுப்புகிறவர் எப்படிச் சுருக்க வேண்டும் என்று சொல்வதே இல்லை! சமையலுக்கு விதி கிடையாது, சாப்பிடுகிறவர் வயிற்றுக்கு ஒத்துக் கொண்டால் சரி. அதனால் என்கோடர் செய்யும் கம்பெனிகள் வருஷா வருஷம் போட்டி போட்டுச் சமைத்தன. ஜனங்கள் வீட்டுப் பெட்டியை மாற்றாமலேயே படம் நன்றாகிக் கொண்டே போயிற்று.

பிறகு 2003-ல் எச்.264, 2013-ல் எச்.இ.வி.சி. என்று புதுச் சட்டங்கள் வந்தன. ஒவ்வொன்றும் பழையதைப் போல ஏறக்குறைய பாதி பிட்டில் அதே படத்தைத் தருகிறது. அன்று அலமாரிகளில் இருந்த எந்திரம் இன்று செல்போனுக்குள் நகத்தளவு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. நம் நாட்டில் 2010-ல் டெல்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளைத் தூர்தர்ஷன் துல்லிய முறையில் காட்டியது.

பாட்டிக்குப் பதில்

இந்தக் கதையெல்லாம் பாட்டிக்குச் சொல்லி முடித்தேன். தங்கக் காகிதம் கொட்டும்போது ஏன் கட்டம் வந்தது என்று அவரே சொல்லிவிட்டார்.

“ஒவ்வொரு துண்டும் ஒரு பக்கமாப் பறக்குது. நேத்துப் போலவேன்னு எழுத முடியாது. தொட்டி வழிஞ்சு போச்சு. அதானே?”

அதேதான்.

“அப்ப மழை பெய்யும்போது படம் நின்னு போகுதே, அதுவும் இதுதானா?”

அது வேறு. மழையில் படம் உறைந்து நின்றால், செயற்கைக்கோளில் இருந்து வரும் அலை வழியிலேயே நலிந்து போகிறது என்று அர்த்தம். அதற்குச் சுருக்கும் எந்திரம் பொறுப்பல்ல. மழை இல்லாமல், கூட்டமும் தண்ணீரும் காகிதமும் வரும்போது மட்டும் கட்டம் தெரிந்தால் அது எந்திரத்தின் திணறல்.

பாட்டி இன்னொன்றும் கேட்டார். பக்கத்து வீட்டு ரேடியோவில் “சிக்ஸர்” என்று கத்தியபின் சில வினாடி கழித்துத்தானே நம் டெலிவிஷனில் பந்து பறக்கிறது, அது ஏன்?

வழியில் பல தாமதங்கள். அதில் ஒரு பங்கு என்கோடருடையது. அது முன் படத்தை மட்டும் பார்ப்பதில்லை. சில சமயம் பின்னால் வரப்போகிற படத்தையும் பார்த்துவிட்டு, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் படத்தை எழுதுகிறது. பின்னால் வருவதைப் பார்க்க வேண்டுமானால் அது வரும்வரை காத்திருக்க வேண்டாமா?

“இனிமே ரேடியோவை அணைக்கச் சொல்லு” என்று சொல்லிவிட்டுப் பாட்டி எழுந்து சாப்பிடப் போனார்.